தூளியில் தூங்கும் பிள்ளையும் 14 மணி நேர விமானமும்

கேள்வி: டாக்டர், எனக்கு ஊர் மேலூர் பக்கம். மகனுக்கு 2 வயது 8 மாதம், மகளுக்கு 7 மாதம். கணவர் வேலைக்காக நியூ ஜெர்சி போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. மகள் பிறந்தபோதுகூட அவரால் வர முடியவில்லை. பொங்கல் முடிந்து நாங்கள் மூவரும் கிளம்புகிறோம். சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து நியூயார்க். கூட வர யாருக்கும் விசா இல்லை. மகளைத் தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவாள். விமானத்தில் காது அடைத்துக் குழந்தைக்கு ரத்தம் வரும் என்று ஒருவர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சிரப்பின் பெயரைச் சொல்லி, ஆளுக்கு அரை மூடி கொடுத்துவிடு, இறங்கும்வரை தூங்கும் என்கிறார். அத்தை, ஜாதிக்காய் உரைத்துத் தருகிறேன் என்கிறார். நடுவழியில் இரண்டு பேரும் சேர்ந்து அழுதால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேலூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த சிரப். வாங்கி வைத்திருந்தால் அதைப் பயணப் பையில் வைக்காதீர்கள். அக்கா சொன்னது பெரும்பாலும் புரோமெத்தசின் சேர்ந்த மருந்தாக இருக்கும். ஒவ்வாமைக்கும் வாந்திக்கும் கொடுக்கிற மருந்து அது. தூக்கம் அதன் பக்க விளைவு. 2 வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூச்சு மந்தமாகி, நின்றே போகிற ஆபத்து இருக்கிறது. மூத்தவனுக்குத்தான் 2 வயது தாண்டிவிட்டதே என்றால், தூங்க வைப்பதற்காக அவனுக்கும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இந்த வகை மருந்து தூக்கத்துக்குப் பதிலாக எரிச்சலையும் துள்ளலையும் கொடுத்துவிடும். அதன்பின் 14 மணி நேரம் அவனை யாராலும் அடக்க முடியாது. சளி சிரப்பையும் தூக்க மருந்தாக நினைக்க வேண்டாம். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார்.

விளக்கணைத்த விமானத்தில் நீங்களும் அசந்து கண்மூடியிருக்கும்போது, மருந்து மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு திணறினால் யார் கவனிப்பார்கள்? இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஜாதிக்காயும் அப்படித்தான். அத்தை அன்பில் சொல்கிறார், நம் பக்கத்து வீடுகளில் காலங்காலமாக உரைகல் வைத்துப் பிள்ளை வளர்த்த பழக்கம் அது. ஆனால் உரைகல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு இறங்கும் என்பதற்கு அளவு கிடையாது. ஜாதிக்காயில் இருக்கும் மிரிஸ்டிசின் என்ற பொருள் கூடிப்போனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வசம்பும் வேண்டாம். வீட்டில் வாக்குவாதம் வரும் என்று தயங்கினால், டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்று இந்தப் பக்கத்தையே அத்தையிடம் காட்டுங்கள்.

இனி காது. ரத்தம் வரும் என்று உங்களைப் பயமுறுத்தியவர் சொல்வது ஆரோக்கியமான குழந்தைக்குப் பொருந்தாது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குக் கீழே போகாதபடி வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. அதாவது, உங்கள் பிள்ளைகள் கொடைக்கானலைவிடச் சற்றே உயரமான ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று திறக்குமே, அதேதான் விமானத்திலும் நடக்கும். மலைப்பாதையில் மெல்ல நடப்பது விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடுவதால் கொஞ்சம் வலிக்கிறது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். பலர் விமானம் ஓடத் தொடங்கியதுமே பால் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இறங்கும் நேரத்தில் குழந்தைக்குப் பசியும் இருக்காது, விழுங்க ஒன்றும் இருக்காது. தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு இறக்கம் தொடங்கும். கடைசிப் பால் அந்த நேரத்துக்கு இருக்கட்டும். மூத்தவனுக்கு ஸ்ட்ரா போட்ட டம்ளரில் தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து உறிஞ்சச் சொல்லுங்கள். மகள் அந்த நேரத்தில் நன்றாகத் தூங்கினால் நான் எழுப்பச் சொல்ல மாட்டேன். மூக்கு அடைத்திருந்தால் மட்டும் எழுப்பிப் பால் கொடுங்கள், அதற்குக் கொஞ்சம் முன்பே மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுவிடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி இளைப்பு வருகிறவர்கள், ரத்தம் மிகக் குறைவாக இருப்பவர்கள் மட்டும் பயணத்துக்கு முன்பு கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் காற்றில் ஆபத்தில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிப்போன தூளி விஷயம். விமானத்தில் தூளி கிடையாது. நியூ ஜெர்சி வீட்டிலும் சேலை கட்ட விட்டமோ கொக்கியோ இருக்கப் போவதில்லை. பிறந்ததிலிருந்து ஆடி ஆடியே தூங்கிய பிள்ளையை, ஆளும் இடமும் குளிரும் வெளிச்சமும் மாறுகிற அதே நாளில் தூளியையும் பறித்துத் தூங்கு என்றால் அவள் எப்படித் தூங்குவாள்? உங்கள் கையில் இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. இன்றைக்கே தொடங்குங்கள். முதலில் பகல் தூக்கத்தை மட்டும் மாற்றுங்கள், இரவை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் வாரம் தூளியில் போட்டு, ஆட்டும் வேகத்தைக் குறைத்து, கண் சொருகியதும் நிறுத்திவிடுங்கள். அடுத்த வாரம் ஆட்டாமல், தூளிக்குள் கைவிட்டுத் தட்டிக் கொடுங்கள். பிறகு தரையில் பாய் விரித்து, அதே தாலாட்டு, அதே தட்டு. பாட்டை மாற்றாதீர்கள். அவளுக்கு அந்தப் பாட்டும் உங்கள் குரலும்தான் தூக்கத்தின் அடையாளம், அது விமானத்துக்கும் கூடவே வரும். நான்கைந்து நாள் நன்றாக அழுவாள். வீட்டில் பெரியவர்கள் பொறுக்காமல் தூக்கிப் போய்த் தூளியில் போட்டுவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே அவர்களிடம் காரணத்தைச் சொல்லி வையுங்கள். கிளம்பும் நாளுக்குள் பாதி பழகியிருந்தாலும் போதும்.

மீதிப் பாதிக்கு, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் ஒன்று வாங்குங்கள். முகம் உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும், மூக்கை எதுவும் மூடக் கூடாது, தாடை நெஞ்சில் அமுங்கக் கூடாது. இதை வீட்டிலேயே கட்டிப் பழகுங்கள். துபாயில் இறங்கி அடுத்த விமானத்துக்கு நடக்கும்போது ஒரு கை மூத்தவனைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பையை இழுக்க வேண்டும். மகளைச் சுமக்க உங்களுக்கு மூன்றாவது கை இதுதான். தள்ளுவண்டியை நம்பாதீர்கள். சென்னையில் விமான வாசலில் கொடுத்த வண்டி பல சமயம் நியூயார்க்கில்தான் திரும்பக் கிடைக்கும்.

இருக்கை விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவனுக்கு 2 வயது முடிந்துவிட்டதால் தனி இருக்கை உண்டு. மகளுக்கு மடி டிக்கெட்தான். விமான நிறுவனத்துக்கு இப்போதே போன் செய்து பாசினெட் வேண்டும் என்று கேளுங்கள். தடுப்புச் சுவருக்கு எதிரே இருக்கும் முன்வரிசையில் மாட்டுகிற சின்னத் தொட்டில் அது. எண்ணிக்கை மிகக் குறைவு, முந்திக் கேட்பவருக்கே கிடைக்கும். எடை, நீள வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல இடங்களில் 10, 11 கிலோவோடு நின்றுவிடும். மகளின் எடையையும் நீளத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த வரிசையில் இரண்டு குறைகள் உண்டு. கைப்பிடி மேலே மடங்காது என்பதால் மூத்தவன் உங்கள் மடியில் தலை வைத்துக் காலை நீட்ட முடியாது. காலடியில் பை வைக்கவும் விட மாட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேல் தட்டுக்குப் போக வேண்டும். இருந்தாலும் 14 மணி நேரத்துக்கு உங்கள் கை ஓய, அந்தத் தொட்டில் வேண்டும் என்பதே என் கருத்து. விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். அப்போதுதான் தூங்கியிருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குக் கண் சொருகினால் மகளை மடியில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், தொட்டிலில் விடுங்கள்.

சென்னைக்கு எப்படிப் போகப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. கிளம்புகிற அன்றே மேலூரிலிருந்து காரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போய் நேராக விமானம் ஏறுவதாக இருந்தால், தயவுசெய்து மாற்றுங்கள். முந்தைய நாள் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், சென்னையில் உறவினர் வீட்டில் ஒரு பகல் முழுக்கப் படுத்து எழுந்து, குளித்து, சூடாகச் சாப்பிட்டு, அதன்பின் விமான நிலையம் போங்கள். எழும்பூர் வரைக்கும் அம்மாவோ தம்பியோ கூட வரட்டும். இந்தப் பயணத்தில் நோய்வாய்ப்படக் கூடாதவர் நீங்கள். பிள்ளைகளைப் பற்றி இத்தனை கேட்ட நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பால் கொடுக்கும் தாய் விமானத்தின் வறண்ட காற்றில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாடு வந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் சாப்பிடுங்கள். பணிப்பெண்ணிடம், இந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்கள், கழிப்பறை போய் வருகிறேன் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊரார் கொடுக்கும் பொட்டலங்களை வாங்கவே வாங்காதீர்கள். பக்கத்துத் தெரு அண்ணன் மகனுக்கு ஒரு கிலோ ஊறுகாய், சித்தப்பா வீட்டுக்கு முறுக்கு, யாருக்கோ கருவாடு என்று ஒவ்வொன்றாகச் சேரும். தனியாக இரண்டு பிள்ளைகளோடு போகிற பெண்ணிடம் சுமையைக் கொடுப்பது சரியில்லை. நீங்கள் சொல்லத் தயங்கினால் உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். கையோடு கொண்டுபோகும் பை ஒன்றே ஒன்று இருக்கட்டும், அதுவும் முதுகில் மாட்டுவதாக. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு டயப்பர் என்று கணக்கிட்டு, விமானம் தாமதமானாலும் தாங்க இன்னும் ஆறேழு கூடுதலாக வையுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு செட் உடை, உங்களுக்கும் ஒரு செட். உங்களுக்கு என்பதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வாந்தி எடுப்பது மகள், நனைவது உங்கள் சுடிதார்.

மகளுக்கு உங்கள் பாலே போதுமான சாப்பாடு. கூழும் மசித்ததும் அன்று ஒரு நாள் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. புட்டிப்பால் கொடுப்பதாக இருந்தால் பொடியை ஒரு வேளைக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான பால், தண்ணீர், மசித்த உணவு ஆகியவற்றுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனையில் பையிலிருந்து தனியாக எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் சத்துமாவு, பருப்புப் பொடி போன்றவை விஷயத்தில் கவனம் வேண்டும். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேல் உள்ள பொடிகளைக் கைப்பையில் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் ஏற்ற விட மாட்டார்கள். பெரிய டப்பா பெட்டிக்குள் போகட்டும். துபாய்வரை நல்லெண்ணெய் தடவிய இட்லி அருமையாகத் தாங்கும், மிளகாய்ப் பொடி இல்லாமல் மூத்தவனுக்கு வையுங்கள். அவனுக்கான சாப்பாட்டைக் குழந்தை உணவாக முன்கூட்டியே பதிவு செய்யலாம், பெரியவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடலை மிட்டாய், முழு நிலக்கடலை, பொரிகடலை, முழுத் திராட்சை எதையும் அவன் கையில் கொடுக்காதீர்கள்; 4 வயது வரைக்கும் தொண்டையில் சிக்கும். சிறுமலை வாழைப்பழம் கொண்டுபோனால் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், உங்களைச் சோதிக்கப் போவது மகள் இல்லை, மகன். நடக்கவும் ஓடவும் தெரியும், காத்திருக்கத் தெரியாது. அவனை விமான நிலையத்தில் ஓட விடுங்கள், உட்கார வைக்காதீர்கள். விமானத்தில் கடைசியாக ஏறினாலும் பரவாயில்லை. மாசி வீதியில் ஏதாவது ஒரு கடையில் ஒட்டும் படங்கள், சின்ன நோட்டு, நூல் கோத்த மரத்துண்டு என்று சல்லிசான பொருள்களாக வாங்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவன் பொறுமை தீரும்போது ஒன்றை அவிழ்க்கக் கொடுங்கள். அவிழ்ப்பதற்கே அவனுக்குக் கால் மணி நேரம் போகும். அன்று ஒரு நாள் டி.வி. எவ்வளவு பார்த்தாலும் தவறில்லை, அவன் தலைக்குப் பொருந்தும் ஹெட்போன் மட்டும் வாங்கிப் பழக்குங்கள். விமானக் கழிப்பறையில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் இந்த வயதுப் பிள்ளைகளை மிரட்டிவிடும், அதற்குப் பயந்தே சிறுநீரை அடக்கிக்கொள்வார்கள். அவனைத் தூக்கி வெளியே விட்ட பிறகு பொத்தானை அமுக்குங்கள். கழிப்பறைப் பழக்கம் வந்திருந்தாலும் அன்று டயப்பர் போட்டுவிடுங்கள். உங்கள் கணவரின் போன் எண்ணை ஒரு தாளில் எழுதி அவன் சட்டைப் பைக்குள் வைத்து, கிளம்பும்போது அந்த உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் சேர்ந்து அழுதால்? அழுவார்கள், அம்மா. ஒரு முறையாவது நடக்கும். மகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு, மகனைக் கையில் பிடித்து, விமானத்தின் பின்பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். அங்கே இரைச்சல் அதிகம், அழுகை அதில் அமுங்கிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்காதீர்கள். யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் குரல் பதறாமல் இருந்தால் மூத்தவன் முதலில் அடங்குவான், அவன் அடங்கினால் அவளும் அடங்குவாள்.

உங்கள் கணவருக்கு மூன்று வேலை சொல்லுங்கள். ஜனவரியில் நியூயார்க் உறைகிற குளிரில் இருக்கும், மூவருக்கும் கம்பளி உடையோடு விமான நிலையம் வரட்டும். காரில் இரண்டு பிள்ளைகளுக்கும் கார் சீட் மாட்டியிருக்க வேண்டும், அங்கே அது சட்டம். தடித்த ஜாக்கெட் போட்ட பிள்ளையின் மேல் பெல்ட்டை மாட்டினால் அது பிடிமானமில்லாமல் தளர்ந்து நிற்கும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட் மாட்டி, மேலே போர்த்துங்கள். மூன்றாவதுதான் அவருக்குக் கடினம். மகளை முதல்முறையாகப் பார்க்கும் ஆசையில் கையை நீட்டுவார். 8 மாதக் குழந்தைக்கு அந்நிய முகம் தெரிகிற பருவம் அது, வீறிட்டு அழுவாள். அவர் மனம் நொந்துபோக வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் மடியில் வைத்திருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். அவளாகத் தாவுவாள். இப்போது தினமும் வீடியோவில் பேசும்போது தாலாட்டை அவரும் பாடினால் அந்தக் குரலாவது அவளுக்குப் பழகியிருக்கும்.

அங்கே பொழுது நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். ஒரு வாரமாவது நடுராத்திரி இரண்டு மணிக்கு இருவரும் விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். விளக்கை மங்கலாக வைத்து, பசித்தால் ஊட்டி, அதிகம் பேசாமல் மறுபடி படுக்கப் போடுங்கள். விடிந்ததும் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தில் வையுங்கள். அங்கே கடைகளில் தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் மிட்டாய் போலக் கிடைக்கும். மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

தடுப்பூசிக்கு இந்த வாரமே போங்கள். இருவருக்கும் ஃப்ளூ ஊசி தேவை. முதல்முறை போடும் பிள்ளைகளுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு தவணை என்பதால் இப்போது தொடங்கினால்தான் முடியும். மகளுக்குத் தட்டம்மை ஊசி நம் அட்டவணையில் 9 மாதத்தில். ஆனால் வெளிநாடு போகும் 6 மாதம் முடிந்த குழந்தைக்கு ஒரு தவணை முன்கூட்டியே போடுவது உண்டு. அது கணக்கில் சேராது, வழக்கமான தவணைகள் அப்படியே தொடரும். இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தடுப்பூசி அட்டையின் நகல் கைப்பையில் இருக்கட்டும், அங்குள்ள மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை அங்கே எல்லாக் குழந்தைக்கும் போடுவதில்லை, அதனால் கையில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டாலும் பயப்பட வேண்டாம். தந்தை உடன் வராததால், அவர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட்ட, நோட்டரி சான்றளித்த கடிதம் ஒன்றும் பாஸ்போர்ட்டுகளோடு வையுங்கள்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது இரண்டு பேரையும் மருத்துவரிடம் காட்டி, காதுக்குள் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பாராசிட்டமால் எத்தனை மில்லி என்று ஒவ்வொருவரின் எடைக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் இல்லை, இருட்டில் மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. எழுதிய சீட்டை அந்தந்தப் புட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். காதில் சீழ், குறையாத காய்ச்சல், இளைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் டிக்கெட் தேதியை மாற்றிவிடுங்கள். வெறும் மூக்கொழுகல் என்றால் கிளம்புங்கள்.